தொடக்கம் எல்லோரிடமும் உண்டு. தொடர நேரம் யாருக்கு?

இளையோர் கதையின் முதல் பக்கத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்று அழைக்கும் போட்டிகளைப் பதிப்பகங்களும் இலக்கியத் திருவிழாக்களும் கைப்பேசிச் செயலிகளும் நடத்துகின்றன. சில ஊர்களில் நூலகங்களும் வாசகர் வட்டங்களும் இதே வடிவத்தைக் கையில் எடுத்துள்ளன. முழுக்கதை தேவையில்லை. முந்நூறு அல்லது ஐந்நூறு சொற்களில் ஒரு தொடக்கம் இருந்தால் போதும். தேர்ந்தெடுக்கப்படுவோருக்குப் பரிசும் சான்றிதழும் கிடைக்கும்.

இதைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், இந்தச் சிறிய போட்டிக்குள் பெரிய கேள்விகள் மூன்று அடங்கியிருக்கின்றன. யாருடைய வாழ்க்கை கதையாகும் தகுதி பெறுகிறது? அந்தக் கதையைத் தொடங்க யாருக்கு இடம் கிடைக்கிறது? தொடங்கியதை முடிக்க யாரால் முடிகிறது? பண்பாட்டு அரங்கிலும் இளைஞர், மாணவர் அரங்கங்களிலும் பணியாற்றும் தோழர்கள் இவற்றைக் கடந்து செல்ல இயலாது.

ஒரே வயது, இரண்டு பெயர்கள்

பதினான்கு முதல் பதினெட்டு வயது வரை உள்ளோரைப் புத்தகச் சந்தை ‘யங் அடல்ட்’ என்று அழைக்கிறது. அந்தச் சந்தையின் கற்பனையில் இந்த வயதினருக்குத் தனி அறை உண்டு. கோடை விடுமுறை உண்டு. நட்பும் முதல் காதலும் பெற்றோருடன் பிணக்கும் உண்டு. அவையும் உண்மையான அனுபவங்களே. அவற்றை இகழ வேண்டியதில்லை.

இதே வயதினருக்கு நாட்டின் சட்டம் வேறொரு பெயர் வைத்திருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 முதல் 18 வயது வரை உள்ளோரை ‘வளரிளம் பருவத்தினர்’ என வரையறுத்து, ஆபத்தான தொழில்களில் மட்டும் அவர்களை ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. மற்ற வேலைகளுக்கான கதவு திறந்தே இருக்கிறது. ஆக, ஒரே வயது சந்தைக்கு வாசகராகவும் சட்டத்துக்குத் தொழிலாளராகவும் தெரிகிறது.

பள்ளிக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு பள்ளிக் கல்வித் தரவுகளின்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நிலையில் மொத்தச் சேர்க்கை விகிதம் 94.7 விழுக்காடு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் அது 79.6 ஆகக் குறைகிறது. பதினொன்று, பன்னிரண்டில் 57.6 ஆகச் சரிகிறது. உயர்நிலை வகுப்புகளில் இடைநிற்றல் 12.6 விழுக்காடு. எந்த வயதினரை நோக்கி ‘உன் கதையைத் தொடங்கு’ என்று அழைப்பு விடப்படுகிறதோ, அந்த வயதில்தான் கோடிக்கணக்கானோரின் படிப்பு பாதியில் முடிகிறது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் தசரா, தீபாவளியை ஒட்டிக் கரும்பு வெட்டக் குடும்பங்கள் கிளம்புகின்றன. பெற்றோருடன் பிள்ளைகளும் செல்கின்றனர். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் கரும்புக் கட்டைச் சுமக்கவும் பெண் பிள்ளைகள் தேவைப்படுகின்றனர். ஊர் திரும்பும்போது பள்ளி ஆண்டு ஏறக்குறைய முடிந்திருக்கும். அப்படி ஒரு வண்டியில் ஏறும் பதினைந்து வயதுப் பெண்ணிடம் கதையின் தொடக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டைப் பூட்டும் ஓசையிலிருந்தே அவளால் தொடங்க முடியும். அவளிடம் இல்லாதவை வேறு: மேசை, தாள், ஓய்வு, கேட்க ஓர் ஆள், அடுத்த பக்கத்தை எழுத அடுத்த வாரம்.

தூண்டிலாகும் முதல் பக்கம்

சந்தை முதல் பக்கத்தை விரும்புவதற்கு அதற்கே உரிய காரணம் உண்டு. தொடர்கதைச் செயலிகள் பலவற்றில் தொடக்க அத்தியாயங்கள் இலவசம். பிறகு ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறக்கக் காசு கட்ட வேண்டும். அங்கே தொடக்கம் என்பது தூண்டில் முள். முதல் வரியிலேயே கொலை, முதல் பத்தியிலேயே இரகசியம் என்று எழுதப் பழக்கப்படும் இளையோர், வாசகரை விலகவிடாமல் பிடித்து வைக்கும் உத்தியையே இலக்கியம் என நம்பிவிடுகின்றனர். மெதுவாகத் தொடங்கும் வாழ்க்கைகளுக்கு அங்கே இடமில்லை. காலை நான்கு மணிக்குக் குழாயடியில் வரிசையில் நிற்பது ‘பரபரப்பான தொடக்கம்’ ஆகாது.

இன்னொரு பக்கத்தையும் கவனிக்க வேண்டும். பல போட்டிகளில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. ‘அனுப்பப்படும் படைப்பின் உரிமை அமைப்பாளரையே சேரும்’ என்ற வரி விதிமுறைகளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை அதைப் படிக்காமல் ஒப்புதல் கட்டத்தைத் தொட்டுவிடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி கிடையாது. அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலேயே உறுதிப்பட்ட சட்ட நிலை. பிள்ளைகளின் எழுத்தைப் பறிக்கும் அந்த வரியை எதிர்க்கச் சட்டப் பிடிமானம் இருக்கிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நல்லது.

அரசு நடத்தும் போட்டி

தொடக்கத்தை வைத்து எழுத்தாளரைத் தேர்ந்தெடுக்கும் பெரிய முயற்சி ஒன்றை ஒன்றிய அரசே நடத்துகிறது. 2021இல் தொடங்கிய ‘பிரதமரின் யுவா’ திட்டத்தை நேஷனல் புக் டிரஸ்ட் செயல்படுத்துகிறது. முப்பது வயதுக்கு உட்பட்டோர் முதற்கட்டத்தில் 5,000 சொற்களில் ஒரு கைப்பிரதியை அனுப்ப வேண்டியிருந்தது. அதை முழு நூலாக வளர்க்க முடியுமா என்று பார்த்து முதற்கட்டத்தில் 75 பேருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. ஆறு மாதம், மாதம் 50,000 ரூபாய், மூத்த எழுத்தாளரின் வழிகாட்டல், நூல் வெளியானால் 10 விழுக்காடு ராயல்டி என்பன அதன் ஏற்பாடுகள்.

இதில் ஒரு சரியான கொள்கை இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்கியவருக்கு முடிக்கும் வரை சோறும் நேரமும் வழிகாட்டலும் தேவை, அதற்குப் பொதுப்பணம் செலவிடப்படலாம் என்பதே அது. அந்த மட்டில் திட்டம் வரவேற்கத்தக்கது.

ஆனால் கதவு குறுகலானது. எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அரசே முடிவு செய்கிறது. முதலில் விடுதலை இயக்கம், 2022இல் ஜனநாயகம், 2025இல் புலம்பெயர் இந்தியர், இந்திய அறிவு மரபு, நவீன இந்தியாவை உருவாக்கியோர் ஆகிய தலைப்புகள். கரும்பு வெட்டும் பெண் தன் வாழ்வை எழுத வேண்டுமானால், அது இவற்றில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். மொழியும் அப்படியே. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளும் ஆங்கிலமும் ஏற்கப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகக் கூறிய பீலி அந்த அட்டவணையில் இல்லை, கோண்டியும் இல்லை. அம்மொழிகளில் கதை தொடங்கும் இளையோர் தொடங்கும் முன்பே வெளியேற்றப்படுகின்றனர்.

சுகாந்தாவும் நாங்லா மாஞ்சியும்

வேறு வழி இருந்தது என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1926இல் பிறந்த வங்கக் கவிஞர் சுகாந்தா பட்டாச்சார்யா கம்யூனிஸ்ட் கட்சியின் இளம் தோழர். 1945இல் பள்ளி இறுதித் தேர்வில் தோல்வியுற்றவர். இன்றைய கணக்கில் அவர் ‘இடைநின்றவர்’ பட்டியலில் ஓர் எண்ணாகியிருப்பார். கட்சியோ ‘கிஷோர் பாஹினி’ என்ற சிறார் அமைப்பின் பணியையும், தன் நாளிதழான ‘ஸ்வாதீனதா’வின் ‘கிஷோர் சபா’ பகுதியையும் அந்த இளைஞரிடம் ஒப்படைத்தது. வளரிளம் பருவத்தினருக்கான பக்கத்தை அந்த வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன ஒருவர் பொறுப்பேற்று நடத்தினார். 1947 மே 13 அன்று காசநோய் அவரைக் கொண்டு சென்றபோது இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை. வறுமையும் நோயும் பறித்த ஒரு தொடர்ச்சி அது. எனினும், இளையோரின் பக்கத்தை இளையோரிடமே நம்பி ஒப்படைக்கலாம் என்ற பாடம் எஞ்சியிருக்கிறது.

அரை நூற்றாண்டுக்குப் பின் டெல்லியில் மற்றொரு முயற்சி நடந்தது. 2001இல் ‘அங்கூர்’ என்ற கல்வி அமைப்பும் ‘சராய்’ ஆய்வு மையமும் இணைந்து ‘சைபர் மொஹல்லா’ என்ற பெயரில் உழைப்பாளர் குடியிருப்புகளுக்குள்ளேயே எழுத்துக் கூடங்களை அமைத்தன. பள்ளியை விட்டு நின்றவர்கள் உள்ளிட்ட இளையோர் அங்கே கூடினர். அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் எழுதினர். ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினர். விவாதித்து மீண்டும் எழுதினர். யமுனைக் கரையில் இருந்த நாங்லா மாஞ்சி குடியிருப்பு 2006இல் இடிக்கப்பட்ட நாட்களிலும் அவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த எழுத்துகள் 2007இல் ‘பஹுரூபியா ஷஹர்’ என்ற இந்தி நூலாயின. 2010இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. அங்கே முதல் பரிசு என்று ஒன்று இல்லை. தொடர்ந்து கேட்கும் காதுகள் இருந்தன. அதனால்தான் துண்டு துண்டாகத் தொடங்கியவை நூலாக முடிந்தன.

எப்படி நடத்துவது?

கதைத் தொடக்கப் போட்டி என்ற வடிவம் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துவது. ஒரு பக்கத்தை ஒரே அமர்வில் எழுதிவிடலாம். வேலை முடிந்து வந்த இரவிலும் எழுதலாம். முழு நாவல் கேட்கும் போட்டியில் ஓய்வுடையவர் மட்டுமே வெல்வார். ஒரு பக்கம் கேட்கும் போட்டியில் எல்லோரும் களத்தில் நிற்க முடியும். ஆகவே வடிவத்தைக் கைவிடாமல் அதன் நோக்கத்தைத் திருத்த வேண்டும்.

கட்டணம் கூடாது. கையெழுத்துப் பிரதி ஏற்கப்பட வேண்டும். எழுதத் தயங்குவோர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதித் தரவும் அனுமதிக்க வேண்டும். வீட்டு மொழி, வட்டார வழக்கு, கலப்பு மொழி எதுவாயினும் தடையாகக் கூடாது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தாராவியின் ஒரு பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் கடையில் மராத்தியும் பேசும். அதன் கதையும் அப்படியே பேசட்டும். நடுவர் குழுவில் பாதிப் பேராவது அந்த வயதினராக இருக்கட்டும். எழுத்தின் உரிமை எழுதியவருக்கே என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

பரிசளிப்பு விழாவை முடிவாகக் கருதாமல், அங்கிருந்து வேலை தொடங்க வேண்டும். வந்த தொடக்கங்கள் அனைத்தும் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். தொடர விரும்பும் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு மாலை, உட்கார ஓர் இடம், கேட்க ஓர் ஆள் என மூன்று மாதத்துக்கு உறுதி தர வேண்டும். பின்னர், முடிந்த கதைகளைச் சிறு தொகுப்பாக அச்சிடலாம்.

இடத்துக்கும் பணத்துக்கும் கேரளம் வழி காட்டுகிறது. 1945இல் அம்பலப்புழாவில் பி.என்.பணிக்கர் முன்கையெடுத்துக் கூட்டிய 47 நூலகங்களில் தொடங்கிய இயக்கம் மாநிலம் முழுவதும் பரவியது. 1989ஆம் ஆண்டின் சட்டம் கட்டட வரியின் மீது 5 விழுக்காடு நூலக வரி விதித்து அதற்கு நிலையான வருவாயைத் தந்தது. அங்கே நூலகங்களில் ‘பாலவேதி’ என்ற சிறார் மன்றங்கள் இயங்குகின்றன. இத்தகைய வருவாய் எல்லா மாநிலங்களிலும் நூலகங்களுக்கு முறையாகச் சென்றுசேர வேண்டும் என்ற கோரிக்கையும் இந்தப் போட்டியின் பகுதியே.

முடிவைத் திணிக்காதிருத்தல்

முற்போக்கு அமைப்புகளுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரசு தலைப்பைத் திணிக்கிறது என்று விமர்சிப்போர், தாங்கள் முடிவைத் திணிக்கக் கூடாது. கடைசிப் பத்தியில் கொடி ஏறினால்தான் நல்ல கதை என்ற எதிர்பார்ப்பை இளையோர் விரைவில் மோப்பம் பிடித்துவிடுவர்; பரிசுக்காக அதையே எழுதித் தந்துவிட்டு விலகிப்போவர். தன் தந்தையின் குடியைப் பற்றி, சாதி கேட்ட ஆசிரியரைப் பற்றி, தன்னை வேலைக்கு அனுப்பிய தாயின் மீதான கோபத்தைப் பற்றி ஒரு பிள்ளை எழுதத் தொடங்கும்போது, அது எங்கே போய் முடியும் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அந்தத் தெரியாமைக்கு இடம் தருவதே ஜனநாயகப் பண்பாட்டுப் பணி. கேள்வி கேட்கப் பழகிய மனம் எங்கே சென்று சேரும் என்பதில் இடதுசாரிகளுக்கு அச்சம் இருக்க வேண்டியதில்லை.

வாசகர் வட்டமோ நூலகமோ இருக்கும் இடங்களில் இதற்குப் பெருநிதி தேவையில்லை. வெள்ளைத்தாள்கள், ஒரு விளக்கு, வாரம் இரண்டு மணி நேரம் தரத் தயாரான நான்கு பேர் போதும். எத்தனை பேர் கலந்துகொண்டனர் என்ற கணக்கோடு அறிக்கை முடிந்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பின் எத்தனை பேர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றனர், நின்றுபோனவர் ஏன் நின்றார் என்ற கணக்கும் அதில் இடம்பெற வேண்டும். நின்றுபோனவரின் வீட்டுக்கு யாராவது ஒருவர் நடந்து சென்று கேட்டுவர வேண்டும்.