கணக்கும் தலையெழுத்தும்

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால் உடனே தலையெழுத்து என்று சொல்லிவிடுகிறார்கள். பெண் குழந்தையாயிருந்தாலோ, அடுப்படிக்குக் கணக்கு எதற்கு என்றும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். தோழர்களே! அடுப்படிக்குத்தான் கணக்கு முக்கியமாய் வேண்டியிருக்கிறது என்கிறோம் நாம்.

தண்டல்காரர் 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 8,500ஐக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கிறார். வாங்கின அம்மாள் "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்கிறார். கைக்கு வந்தது 8,500 அல்லவா? அது போகட்டும். முதல் தினந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், அந்த 100 நாளும் சராசரியாக அவரிடம் நிற்கும் பணம் சுமார் பாதிதான். அந்தப் பாதிக்கு 100 நாளில் 1,500 என்றால், வருஷ வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது! இதைக் கண்டுபிடிக்க வேண்டியது பெருக்கலும் வகுத்தலுமே தவிர, பிரம்மா எழுதிய எழுத்தல்ல. 2003-ல் தமிழ்நாட்டில் அநியாய வட்டியைத் தடுக்கச் சட்டம் வந்தது வாஸ்தவமே. ஆனால் கணக்குப் பார்க்காதவருக்குத் தாம் கொடுப்பது அநியாய வட்டி என்பதே எப்படித் தெரியும்?

உபாத்தியாயர்கள் இந்தத் தண்டல் கணக்கையே பலகையில் எழுதிப் போடட்டும். (யார் வீட்டுக் கடன் என்று கேட்க வேண்டியதில்லை.) தண்ணீர்த் தொட்டி நிரம்பிக் காலியாகும் கணக்கில் தூங்குகிற பிள்ளை, இதிலும் தூங்குகிறதா என்று பார்ப்போம்.