ஆறு கிலோபைட்டில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி

எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர்களிடம் "உங்கள் சத்தம் எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கிடாரின் மரம் என்பார் ஒருவர். பிக்கப் என்பார் இன்னொருவர். பெரும்பாலோர் மார்ஷல், ஃபெண்டர், மேசா என்று ஆம்ப் பெயரைச் சொல்வார்கள். கடைசியில் காற்றை அசைத்துக் காதுக்கு அனுப்புகிற காகிதக் கூம்பை, அதாவது ஸ்பீக்கரை, யாரும் லேசில் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரரை மறந்துவிட்டுப் பரிமாறியவரைப் பாராட்டுகிற கதைதான்.

ஸ்பீக்கர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிடார் சிக்னலை ஸ்பீக்கர் இல்லாமல் நேரே ஹெட்போனில் கேட்க வேண்டும். தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். காரணம், டிஸ்டார்ஷன் கன்னாபின்னாவென்று உயர் அதிர்வெண்களை உண்டாக்குகிறது. கிடார் ஸ்பீக்கரோ அவற்றைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. செலஷன் நிறுவனம் 1986-ல் கொண்டுவந்த விண்டேஜ் 30 என்ற பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வேலை செய்யும் எல்லை 70-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. பாட்டு கேட்க வாங்கும் ஸ்பீக்கர் இப்படி இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோர் உண்டு. ஆனால் கிடாருக்கு அந்தக் குறைதான் குரல்.

கம்ப்யூட்டரிலும் சின்னப் பெட்டிகளிலும் ஆம்ப் சத்தத்தை உருவாக்கும் "ஆம்ப் மாடலிங்" பரவியபோது, இந்தக் காகிதக் கூம்பையும் எப்படியாவது உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். சுருக்கமாக ஐஆர்.

மண்டபத்தில் ஒரு கைதட்டல்

கோயில் கல்மண்டபத்தில் நின்று ஒரே ஒரு முறை கைதட்டினால் என்ன ஆகும்? தட்டியது ஒரு நொடிகூட இல்லை, ஆனால் மண்டபம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிலைப் பதிவு செய்தால் அதில் மண்டபத்தின் நீளம், அகலம், கல், தூண் எல்லாம் ஒளிந்திருக்கும். ஸ்பீக்கருக்கும் இதுதான் கணக்கு. அதற்குள் மிகக் குறுகிய ஒரு துடிப்பை அனுப்பி, முன்னால் மைக் வைத்து, அது தருகிற பதிலைப் பதிவு செய்தால் அதுவே ஐஆர். நடைமுறையில் துடிப்புக்குப் பதிலாகத் தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஓர் ஒலியை அனுப்பிப் பிறகு கணக்குப் போட்டு ஐஆரைப் பிரித்தெடுப்பது வழக்கம். இத்தாலியப் பேராசிரியர் ஆஞ்செலோ ஃபரீனா 2000-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த முறை நன்றாகப் பரவியது.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? டிஜிட்டல் ஒலி என்பது வினாடிக்கு 48,000 சின்னத் துணுக்குகள். ஒவ்வொரு துணுக்கும் ஒரு கைதட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்பீக்கர் சொல்லும் பதிலை அதனதன் அளவுக்குப் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால், கிடார் அந்த ஸ்பீக்கர் வழியாக வந்த மாதிரியே கேட்கும். இதற்குக் கன்வல்யூஷன் என்று பெயர். 2048 துணுக்கு நீளமுள்ள ஐஆர் என்றால் வினாடிக்குச் சுமார் 10 கோடிப் பெருக்கல். இதைத் தாமதமே இல்லாமல் சுருக்கமாகச் செய்யும் வழியை வில்லியம் கார்ட்னர் 1995-ல் எழுதிக் காட்டினார். 1999-ல் சோனி இதே தத்துவத்தில் அரங்குகளின் எதிரொலியைத் தரும் ஒரு கருவியை விற்றது. பிறகு அரங்கின் இடத்தில் ஸ்பீக்கர் பெட்டியை வைக்கலாம் என்று கிடார்காரர்கள் கண்டுகொண்டார்கள். 2006-ல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015-ல் வந்த லைன் 6 ஹீலிக்ஸ் போன்ற கருவிகளால் இது சாதாரண வாசிப்பாளர் கைக்கும் வந்துவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2048 துணுக்குகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். மொத்தம் 6144 பைட், அதாவது ஆறு கிலோபைட். ஒலியாகப் பார்த்தால் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு ஸ்பீக்கர் அடங்கிய மார்ஷல் பெட்டியின் எடை சுமார் 36 கிலோ. மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதன் குரல், செல்போனில் எடுத்த ஒரு போட்டோவைவிடச் சின்ன ஃபைலில் அடங்கிவிட்டது. ஏழை வாசிப்பாளனுக்கு இதைவிட நல்ல காரியத்தை டெக்னாலஜி செய்ததில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் இந்த நல்ல காரியத்தின் பின்னாலேயே ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது.

நானூறு ஃபைல் வியாபாரம்

1924-ல் தொடங்கி இன்று இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் இயங்கும் செலஷன், 2017-லிருந்து தன் ஸ்பீக்கர்களின் ஐஆர்களையும் ஃபைலாக விற்கிறது. அதற்கு முன்பும் பின்பும் பலர் இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். அதில் தப்பே இல்லை. நல்ல ஸ்டூடியோ, நல்ல மைக், தேர்ந்த காது எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கத்தான் வேண்டும். தொல்லை விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. ஒரே பெட்டி, பத்து மைக், ஒவ்வொரு மைக்கையும் அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தி எடுத்தது, பிறகு இரண்டிரண்டாகக் கலந்தது என்று ஒரு தொகுப்பில் நூற்றுக்கணக்கான ஃபைல்கள்.

காமர்ஸ் பாடத்தில் இறுதிநிலைச் செலவு என்று ஒன்று வரும். இன்னும் ஒரே ஒரு சரக்கைக் கூடுதலாகச் செய்ய என்ன செலவாகும் என்பதே அது. மைக்கை வைத்தாகிவிட்டது, ஸ்பீக்கரும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இன்னொரு ஐஆர் எடுக்க விற்பவருக்கு ஏறக்குறைய எதுவும் ஆகாது. அதனால் அவர் அள்ளி வீசுகிறார். "400 ஃபைல்" என்று போட்டால் "4 ஃபைல்" என்பதைவிடக் காசுக்கு மதிப்பு அதிகம் போலத் தெரியும். வாங்குபவருக்கோ ஒவ்வொரு ஃபைலும் நேரம். ஒன்றை முப்பது வினாடி கேட்டால்கூட 400 ஃபைலுக்கு 3 மணி 20 நிமிடம். இரண்டிரண்டாகக் கலந்து பார்ப்பேன் என்று ஒருவர் உட்கார்ந்தால் 79,800 ஜோடிகள் வரும். முப்பது வினாடிக் கணக்கிலேயே ராத்திரி பகல் தூங்காமல் 27 நாளுக்கு மேல் :-)

2000-ல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஜாம் ஆய்வு பிரபலமானது. கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். இதை எல்லா இடத்திலும் அப்படியே நீட்டிவிட முடியாது. 2010-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. ஆனால் 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு எப்போது இந்தத் திணறல் வரும் என்று பிரித்துக் காட்டியது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோது, பொருள்களை ஒப்பிடுவது கடினமாக இருக்கும்போது. ஐஆர் தொகுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் புதிய வாசிப்பாளருக்கு இந்த இரண்டும் அச்சாகப் பொருந்தும்.

காது ஏமாறும் இடங்கள்

கடினம் என்பது சும்மா பேச்சுக்கு அல்ல. இரண்டு ஒலிகளில் எது சற்று உரக்கக் கேட்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஐஆர் ஃபைல்கள் ஒரே சத்த அளவில் வருவதில்லை. சமன் செய்யாமல் ஒப்பிட்டால் தேர்ந்தெடுக்கப்படுவது சத்தம், சுவை அல்ல. அடுத்தது, குறைந்த சத்தத்தில் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் மங்கித் தெரியும். ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரி வீட்டில் மெதுவாக வைத்துத் தேர்ந்தெடுத்த ஐஆர் மேடையில் குமுறுவதும் கீச்சிடுவதும் இதனால்தான். மூன்றாவது, காது சீக்கிரம் பழகிவிடும். பத்தாவது ஃபைல் வரும்போது முதல் ஃபைல் எப்படி இருந்தது என்பது நினைவில் நிற்காது. நானூறாவதில் கேட்க வேண்டியதே இல்லை.

இதையெல்லாம் மீறித்தான் தேடல் நடக்கிறது. இந்த வாரம் ஒரு தொகுப்பு, அடுத்த மாதம் இன்னொன்று. வாசித்துப் பழக வேண்டிய நேரம் ஃபைல் பெயர்களைச் சுட்டிக்கொண்டே கழிகிறது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழிக்கு இந்தக் காலத்து உதாரணம் தேவைப்பட்டால் இதைக் கொடுக்கலாம்.

இரண்டு ஆட்சேபணைகள்

"ஐஆர் என்ன செய்தாலும் நிஜப் பெட்டி ஆகாது, அதனால் தேடத்தான் வேண்டும்" என்பது முதலாவது. முன்பாதி உண்மை. ஐஆரின் கணக்கு ஸ்பீக்கர் எப்போதும் ஒரே விதமாகப் பதில் சொல்லும் என்று எண்ணிக்கொள்கிறது. மெதுவாக வாசித்தாலும் அடித்து வாசித்தாலும் அதே பதில்தான், அளவு மட்டும் மாறும். நிஜ ஸ்பீக்கர் அடி தாங்காதபோது தானே கரகரக்கும். லிங்க் ரே 1958-ல் வந்த தன் "ரம்பிள்" இசைக்காக ஸ்பீக்கரில் துளை போட்டதாகச் சொல்வார்கள். 1964-ல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தார். அந்தக் கிழிசலின் படபடப்பு எந்த ஐஆரிலும் அகப்படாது. ஆனால் அது தொகுப்பை மாற்றினால் வந்துவிடும் என்பதுதான் தப்பு. 401-வது ஃபைலுக்கும் அதே எல்லைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறையில் நிற்கும் பெட்டி கால் சட்டையை ஆட்டும் அனுபவம் ஐஆரில் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் ஒப்பிடுவது வேறு வேறு விஷயங்களை. ஐஆர் என்பது மைக் கேட்ட ஸ்பீக்கர். இவர்கள் சின்ன வயதிலிருந்து ரசித்த எல்லா ரெக்கார்டிலும் கேட்டதும் மைக் கேட்ட ஸ்பீக்கர்தான். பலமுறை 1965-ல் வந்த ஷுர் எஸ்எம்57 என்ற அதே சாதாரண மைக்.

"தொழில்முறை இன்ஜினியர்கள் இரண்டு மூன்று மைக் வைத்துக் கலக்கிறார்களே" என்பது இரண்டாவது. கலக்கிறார்கள். தெரிந்து கலக்கிறார்கள். ஒரு மைக் இன்னொன்றைவிட 17 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி அரை மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். இரண்டையும் கூட்டினால் 1000 ஹெர்ட்ஸ் அருகில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பள்ளம் விழும். கிடாரின் குரல் இருப்பதே அந்தப் பகுதியில்தான். அதைவிட முக்கியம், அந்த இன்ஜினியர் காலையில் மைக்கை நகர்த்தி நகர்த்தி ஓர் இடத்தைப் பிடித்தால், தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். ஆயிரம் இடம் இருந்தும் ஓர் இடத்தில் நிறுத்தத் தெரிந்ததுதான் அவருடைய தொழில்.

ஆறு போதும்

ஜாம் கடைக்காரரைப் போல ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் இரண்டு மைக் இடம்: கூம்பின் நடுமூடியின் விளிம்பில் ஒன்று (பளிச்சென்று இருக்கும்), அதிலிருந்து வெளியே தள்ளி ஒன்று (மென்மையாக இருக்கும்). ஆறையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, மேடையில் வாசிக்கும் சத்தத்துக்குப் பக்கமாக வைத்து, தனியாக அல்லாமல் டிரம்ஸும் பேஸும் ஓடும்போது கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் கொழுகொழுவென்று இருப்பதுதான் குழுவில் சேறாகிவிடும். முடிந்தால் ஃபைல் பெயர் தெரியாமல் ஒரு நண்பரை மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம். ஒன்றைப் பிடித்துவிட்டு ஆறு மாதம் தொடக்கூடாது. உறுத்தலாக இருந்தால் ஈக்வலைசரில் கொஞ்சம் மேலே வெட்டினால் போதும்.

செலவு வரிசையும் இதனால் தலைகீழாகிறது. ஆம்ப் பகுதிக்கு நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. நல்ல ஐஆர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே வாங்கிய கருவிக்குள்ளேயே சில டஜன் இருக்கும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள்தான் இந்தச் சந்தையின் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

காசு போனால் போகட்டும், அது சின்னத் தொகைதான். திரும்பி வராதது வாய்ப்புச் செலவு. அந்த 3 மணி 20 நிமிடத்தில் ஒரு பாட்டை முழுதாகக் கற்றுக்கொள்ளலாம். கேட்க வந்தவர்களுக்குத் தெரியப்போவதும் அந்தப் பாட்டுதான். எந்த மைக், நடுவிலிருந்து எத்தனை அங்குலம் என்று யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதில்லை.