மின்னொளிப் போட்டியும் இரவுப் பறவைகளும்

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் மின்னொளிப் போட்டி நமக்குப் புதிதல்ல. கபடியோ, கைப்பந்தோ, டென்னிஸ் பந்து கிரிக்கெட்டோ, இரவில் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். பகலெல்லாம் விசைத்தறியின் இரைச்சலில் நிற்கும் நம் இளைஞர்களுக்கு இரவை விட்டால் விளையாட வேறு நேரம் ஏது? எனவே போட்டிகளைக் குறை சொல்ல நாம் வரவில்லை. விளக்குக் கம்பத்தின் உச்சியைச் சற்று நிமிர்ந்து பார்க்கலாம் என்றே அழைக்கிறோம்.

அங்கே ஃபோகஸ் லைட்டைச் சுற்றி ஈசலும் அந்துப்பூச்சியும் மொய்க்கின்றன. புள்ளி ஆந்தை அவற்றைப் பிடிக்க வருகிறது. பகல் பறவையான இரட்டைவால் குருவியும் உறங்காமல் பாய்ந்து பாய்ந்து தின்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இரவு ஆட்டங்களின்போது கடற்காகங்கள் கூட்டமாக வருவதும் இந்தப் பூச்சிகளுக்காகத்தான். பறவைகளுக்கு விருந்துதானே, இதில் என்ன கேடு என்று கேட்கத் தோன்றும்.

பூச்சிகள் ஒளியை விரும்பி வருவதில்லை. வெளிச்சம் உள்ள பக்கமே வானம் என்று கொண்டு, முதுகை அதன்பக்கம் திருப்பிப் பறப்பது அவற்றின் இயல்பு. விளக்கருகே இந்தக் கணக்குப் பிழைத்து, வெளியேற வழியின்றிச் சுற்றுகின்றன என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இன்று விளக்கடியில் குவிந்து சாகும் பூச்சி, நாளை வயலில் குருவிக்கு இரையாக இராது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் அரங்க விளக்குகளை போகாங் என்னும் அந்துப்பூச்சிகள் மொய்த்தன. அதே இனம் 2021-இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு வறட்சி போன்ற வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனாலும் அத்தனை பெருங்கூட்டமாக வந்த உயிருக்கே இந்த நிலை!

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அங்கு வரும் வாத்துகளும் உள்ளான்களும் பெரும்பாலும் இரவில்தான் பயணிக்கின்றன. விண்மீன்களைப் பார்த்து வழியறியும் பறவைகளை வானோக்கி வீசும் பேரொளி தடுமாறச் செய்யும். அசாமின் ஜதிங்கா கிராமத்தில் மூடுபனி சூழ்ந்த நிலவற்ற இரவுகளில் விளக்கொளியைத் தேடி இறங்கும் பறவைகளை, முன்பு மக்கள் தீய ஆவிகள் என்று கருதி அடித்துக் கொன்றனர்.

நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று அஞ்சலியாக 88 விளக்குகளை வானோக்கி ஏற்றுகிறார்கள். ஒளிக்குள் பறவைகள் சிக்கிச் சுற்றுவதைக் கண்டால் சுமார் இருபது நிமிடங்கள் அணைத்து விடுகிறார்கள். அணைத்த சில நிமிடங்களிலேயே அவை கலைந்து தம் வழியே செல்கின்றன. இவ்வளவு எளிதில் தீரும் சூழல் கேடு வேறு எது இருக்கிறது?

நம் ஊர்ப் போட்டிகளில் விளக்கின் முகத்தை ஆடுகளத்தை நோக்கித் தாழ்த்திக் கட்டச் சொல்லலாம். ஆட்டக்காரர் கண்ணும் கூசாது. பரிசளிப்பு முடிந்து கோப்பையோடு அணிகள் போன பிறகும், லைட்காரர் வந்து அவிழ்க்கும்வரை வெறும் மைதானத்தில் விளக்குகள் எரிகின்றன. தேர்த் திருவிழா முடிந்த இரவில் நம் ஆலய வளாகங்களிலும் இதே கதைதான். கடைசியாக ஸ்விட்சை அணைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை விழாக் குழுவின் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யலாமே?