எழுத்தின்மேல் படம் ஏறலாமா?



பிறர்க்கு அறிவுரை கூற முன்வருபவன் முதலில் தன் பிழையை ஒப்புக்கொள்ளுதல் நன்று. ஆகவே என் பிழையோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு அடுகோடியில் நம் மன்றத்தார் ஒரு சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம் நடத்தியது உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். அதற்கான துண்டறிக்கையை அமைத்துத் தரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கன்னடம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே தாளில் செய்தி இருத்தல் வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன்; அந்த அளவுக்கே மூன்று பெட்டிகள் வரைந்தேன்; தமிழ்ப் பெட்டிக்கு அடியில் ஒரு குருதித் துளியின் படத்தை வைத்தேன். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. 500 படிகள் அச்சாயின.

முகாம் நாளன்று காலை 7 மணிக்கே மக்கள் வந்து நின்றனர். கட்டட வேலைக்குச் செல்பவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர்கள்; பெரும்பாலோர் என் பெற்றோரைப் போலத் தருமபுரி, சேலம் பக்கமிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்கள். ஆனால் வந்தவருள் பலர் காலை உணவை முடித்துக்கொண்டு வந்திருந்தனர். வெறும் வயிற்றில் எடுக்கவேண்டிய குருதியை எவ்வாறு எடுப்பது? மருத்துவர் அவர்களை மற்றொரு நாள் வரச் சொன்னார். அரைநாள் கூலியை இழந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் என்னிடம், "நோட்டீசை எம்மவன் ரெண்டு தடவை படிச்சுச் சொன்னான், கண்ணு. சாப்பிடக் கூடாதுன்னு அதிலே ஒண்ணுமே போடலியே!" என்றார்.

நான் துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அவர் மகன் சரியாகவே படித்திருக்கிறான். ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் முடிந்த அறிவிப்பு, தமிழில் "முதல்நாள் இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் வரவேண்டும்" என நீண்டிருந்தது. எழுத்துக்கேற்பப் பெட்டியும் கீழ்நோக்கி வளர்ந்தது. கடைசியில் நின்ற அவ்வாக்கியம் குருதித் துளியின் அடியில் சென்று மறைந்துவிட்டது.

தோழர்களே, இப்பிழையின் இயல்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். எழுத்துப் பிழையாயின் கண்ணில் படும். விடுபட்ட சொல்லாயின் மூலத்தோடு ஒப்பிட்டால் தெரியும். இஃது அவ்விரண்டும் அன்று. கோப்பில் அவ்வாக்கியம் இருக்கிறது, தேடினால் கிடைக்கிறது, பிழைதிருத்தி அதைப் படித்துச் சரி என்கிறது. தாளில் மட்டும் இல்லை. எழுதியவன் எழுதிவிட்டதாக நம்புகிறான். படிப்பவனோ அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்று எண்ணுகிறான்.

ஈய எழுத்துகளின் காலத்தில் இத்தகைய பிழை நேர்வது அரிது. தமிழ் அச்சுக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 1578 ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிவிட்டது. அன்றுதொட்டுப் பல தலைமுறைகளாக எழுத்தென்பது கையில் எடுத்துக் கோக்கக்கூடிய ஓர் உலோகக் கட்டை. படமென்பதும் ஒரு பிளாக். ஒரு கட்டை இருக்கும் இடத்தில் மற்றொரு கட்டையை வைக்க முடியுமோ? இடம் போதாவிடில் சட்டம் முடுக்கப்படாது; கம்பாசிட்டர் அக்கணமே அறிவார்; ஆசிரியரிடம் சென்று, "இரண்டு வரி குறைத்துக் கொடுங்கள்" என்பார். இரு பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கலாகாது என்னும் இயற்கை விதியே அங்குக் காவல் நின்றது.

மின்பக்கத்தில் அக்காவல் இல்லை. காரணம் யாது? மின்பக்கம் கட்டைகளை அடுக்கும் சட்டமன்று. வண்ணம் பூசும் சுவர். 1984 இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க மொழி இக்கருத்தின்மீது எழுந்தது. பின்னர்ப் பூசியது முன்னர்ப் பூசியதை மறைக்கும். அவ்வளவே அதன் விதி. அடுத்த ஆண்டே பேஜ்மேக்கர் வந்தது. மேசைமீதே பக்கம் அமைக்கும் காலம் பிறந்தது. அதனால் நமக்குக் கிடைத்த உரிமை பெரிது. நம்மைப் போன்ற மாணவரும் ஓர் இரவில் ஓர் இதழை அமைத்துவிடுகிறோம். ஆயினும் கம்பாசிட்டரை வீட்டுக்கு அனுப்பியபோது, அவர் சட்டத்தின் அருகில் நின்று சொன்ன 'இடமில்லை' என்ற சொல்லையும் சேர்த்து அனுப்பிவிட்டோம்.

அச்சொல்லைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க இயலாதா? எளிதில் இயலும். பக்கத்திலுள்ள ஒவ்வொரு பொருளையும் ஒரு செவ்வகமாகக் கொள்வோம். இரு செவ்வகங்களை எடுத்து நான்கு வினாக்கள் கேட்போம். முதலாவது இரண்டாவதற்கு முற்றிலும் இடப்புறத்தில் உள்ளதா? முற்றிலும் வலப்புறத்தில் உள்ளதா? முற்றிலும் மேலே உள்ளதா? முற்றிலும் கீழே உள்ளதா? ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று விடை வந்தால் கவலையில்லை. நான்குக்கும் 'இல்லை' என்று வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது என்பது உறுதி. ஒரு பக்கத்தில் 40 பொருள்கள் இருந்தால் ஒப்பிடவேண்டிய இணைகள் 780. நம் ஆண்டு மலர் 100 பக்கமாயின் 78,000 இணைகள். மனிதனுக்கு இது மலை. இன்றைய கணிப்பொறிக்கோ ஒரு நொடியும் பிடிக்காத வேலை.

கண்டறிதல் இவ்வாறு எளிது, திருத்துதலே கடினம். இதற்கும் என் துண்டறிக்கையே சான்று. அடுத்த முகாமுக்காக அதைத் திருத்தியபோது படத்தைச் சற்று மேலே ஏற்றி, வலப்பக்கம் ஒதுக்கினேன். தமிழ் வாக்கியம் வெளிவந்தது. மகிழ்ந்து அச்சுக்கு அனுப்பவிருந்தேன். உடன் தங்கியிருக்கும் கன்னட நண்பர் பார்த்துவிட்டு, "உங்கள் வரி வந்துவிட்டது; எங்கள் தேதி எங்கே?" என்று கேட்டார். படம் இப்போது மேலிருந்த கன்னடப் பெட்டியின் மூலையில் ஏறி, தேதியை மறைத்திருந்தது! ஒருவருக்கு இடம் செய்ய இன்னொருவரை மிதித்திருக்கிறேன், அதுவும் அறியாமலே.

ஒன்றை நகர்த்தினால் அது மற்றொன்றை இடிக்கும். அதை நகர்த்தினால் மூன்றாவதை இடிக்கும். நிலப்படங்களில் ஊர்ப்பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு வைக்கும் சிக்கலும் இத்தகையதே. பெயர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, எல்லா வகையிலும் மிகச் சிறந்த அமைப்பைக் காண்பது கணிப்பொறிக்கும் மிக அரிதான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் நிறுவியுள்ளனர். ஆகவே, "தானியங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று கைகட்டி நிற்றலும் தகாது. இடம் போதாத பக்கத்தில் படத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அதற்குரிய செய்தியை இங்கேயே அநாதையாக விட்டுவிடும் மென்பொருளும் உண்டு. தமிழ் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிட்டு, "அடங்கிவிட்டது" என்று பெருமை பேசும் மென்பொருளும் உண்டு. மறைத்தலும் சுருக்குதலும் படிப்பவனுக்கு ஒன்றே.

பின் எதை வேண்டுகிறோம்? மறைக்காதே, இடமில்லையென்றால் வாய் திறந்து சொல். இவ்வளவே நம் வேண்டுகோள். இது புதிய கருத்தன்று. 1977 இல் கணிப்பொறி அறிஞர் டொனால்டு குனூத், தம் நூலின் மறுபதிப்புக்காக வந்த அச்சுப்படியின் தரம் கண்டு வருந்தி, டெக் என்னும் அச்சமைப்பு முறையைத் தாமே உருவாக்கத் தொடங்கினார். அதில் எழுத்தும் ஒரு பெட்டி, வரியும் ஒரு பெட்டி, பக்கமும் ஒரு பெட்டி. ஒரு வரியின் அடியும் அடுத்த வரியின் தலையும் அளவுமீறி நெருங்கினால் அது தானே இடைவெளியைக் கூட்டுகிறது. அகலத்துக்குள் அடங்காத வரி வந்தால் அடங்கவில்லை என்று அறிவிக்கிறது. பழைய கம்பாசிட்டரின் குரல் அங்கே கேட்கிறது.

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகளிலோ அக்குரல் பாதியளவே கேட்கிறது. இன்டிசைனில் ஒரு பெட்டிக்குள் எழுத்து அடங்காமல் மிஞ்சினால் சிவப்புக் குறி தோன்றும். அதே எழுத்தின்மேல் ஒரு படத்தை இழுத்து வைத்தாலோ, சுற்றி ஒதுங்குமாறு நாம் பணித்தாலன்றி எழுத்து ஒதுங்காது. படம் எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். வேர்டிலோ, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற இசைவு தருவதா மறுப்பதா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அமைப்புப் பட்டியலின் ஆழத்தில் கிடக்கும் அதைத் தேடிச் செல்பவர் எத்தனை பேர்?

இதில் தமிழனுக்குத் தனிப்பட்ட அக்கறை ஏன் என்று சிலர் கேட்கலாம். கூறுகிறேன். நம் சொற்கள் வேற்றுமையுருபும் இடைநிலையும் விகுதியும் சேரச்சேர நீள்பவை. நம் எழுத்துகளோ மேலும் கீழும் பரவுபவை. 'கீ' மேலே சுழிக்கிறது. 'மூ' கீழே இறங்குகிறது. மெய்யின்மேல் புள்ளி நிற்கிறது. ஆங்கிலத்துக்கென அளந்த பெட்டியில் தமிழை ஊற்றினால் அது வழியாமல் என் செய்யும்? வழிந்தது அண்டையில் உள்ளதன் அடியில்தான் சென்று ஒளியும். நம் அண்டையாரான கன்னடத்தாருக்கும், கீழே இறங்கும் ஒட்டெழுத்துகளோடு இதே துன்பம் உண்டு. ஆகவே இது மொழிக்கு மொழி செய்யும் போரன்று. ஒரே தாளில் எல்லாரும் இடம் பெற்று வாழ்வதற்கான வழி.

இன்னொன்றும் நினைவுகூர்வோம். 1935 இல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். 1978 இல் தமிழக அரசு அதனை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. கற்பதற்கு மட்டுமின்றி, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பது அதன் காரணங்களுள் ஒன்று. அன்று ஈயமும் இரும்பும் வளைய மறுத்தன. ஆதலின் எழுத்து வளைந்து கொடுத்தது. இன்றோ மென்பொருள் பெயருக்கேற்ப மென்மையானது, வளையக்கூடியது. இனியும் எழுத்துத்தான் வளைய வேண்டுமா?

மறுப்போர் கூற்றையும் கேட்போம். "படத்தின்மேல் தலைப்பை எழுதுவது கலையன்றோ? ஏறுதலையே தடுத்தால் அழகு என்னாவது?" என்பர். நியாயமே. அழகுக்காக ஏற்ற விரும்புபவர் இசைவு கொடுத்து ஏற்றிக்கொள்ளட்டும். வேண்டுமென்று செய்வதற்கு ஒரு சொடுக்கு மிகையாக வேண்டியிருத்தல் பெருந்துன்பமன்று. வேண்டாமல் நேர்வதற்கு ஓர் ஏழையின் அரைநாள் கூலி போதல் பெருந்துன்பம். "மெய்ப்புப் பார்ப்பவர் இருக்கையில் இயந்திரக் காவல் எதற்கு?" என்பர் வேறு சிலர். அந்தத் துண்டறிக்கைக்கு மெய்ப்புப் பார்த்தவனும் நானே. வாக்கியத்தை எழுதியவன் மனத்தில் அது இருந்தது. ஆகவே தாளில் இல்லாததைக் கண் காணவில்லை. தெரிந்தவன் கண்ணைவிடத் தெரியாத இயந்திரம் இவ்விடத்தில் நம்பத் தக்கது.

ஆகவே நம் மன்றத்தின் முன் மூன்று கருத்துகளை வைக்கிறேன். முதலாவது, பன்மொழி அறிவிப்பு எதுவாயினும், மிக நீளும் மொழியை முதலில் அடித்து அதன் அளவுக்கே பெட்டி வரைதல். இரண்டாவது, அச்சுக்குப் போகுமுன் நான் மேலே கூறிய நான்கு வினாச் சோதனையை ஒவ்வொரு பக்கத்துக்கும் நடத்துதல். இதற்கான சிறு நிரலை எழுதித் தர நான் அணியமாக உள்ளேன். மூன்றாவது, செய்தியை முன்னரே அறியாத ஒருவரிடம், திரையில் அன்று, தாளில் அச்சிட்டுக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டல்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அது மன்றத்துக்கன்று, உங்களுக்கு. நம்முள் பலர் நாளை இந்நகரத்து மென்பொருள் நிறுவனங்களில் அமர்ந்து நிரல் எழுதப் போகிறவர்கள். பக்கம் அமைக்கும் கருவி ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, 'ஏறலாம்' என்பது இயல்நிலையாக இருப்பதா, 'ஏறலாகாது' என்பது இயல்நிலையாக இருப்பதா என்று முடிவு செய்யும் ஒரு சிறு வரி உங்கள் முன் நிற்கும். அவ்வரியை எழுதும்போது, ஓசூர்ச் சாலையோரத்தில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு தாய்க்குப் படித்துக் காட்டும் அந்தச் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தமிழ் தெரியும். அவன் படிக்கத் தயாராக நிற்கிறான். படிக்க வேண்டியதை மறைக்காதிருத்தலே நம் கடமை.