பூரானுக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

பிரிட்டன் உள்ளிட்ட வடமேற்கு ஐரோப்பியக் கடற்கரைகளில், கூழாங்கற்களுக்கு அடியில் ‘ஸ்ட்ரிகாமியா மரிட்டிமா’ என்ற பூரான் வாழ்கிறது. கண்ணே கிடையாது. கால் இணைகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான். 2014-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வாசித்து வெளியிடப்பட்டது; பூரான், மரவட்டை வகையறாவில் இதுவே முதல். சுமார் 15,000 மரபணுக்கள். அவற்றில் ஒளியை உணர்வதற்கென அறியப்பட்ட மரபணுக்கள் இல்லை. உடலின் நாள் கடிகாரத்தை இயக்குபவையும் இல்லை. பரிணாமம் என்றாலே கூடிக்கொண்டே போவது என்று நினைப்பவர்கள் இந்தப் பிராணியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பழ ஈயைத்தான் நூறாண்டுகளுக்கும் மேலாகத் துருவிவிட்டோமே, இதற்கும் மக்கள் பணமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பழ ஈயின் மரபணு வரிசை, சீட்டுக்கட்டைப் போல வெகுவாகக் கலைந்துவிட்டது. கணுக்காலிகளின் மூதாதையர் வரிசை இந்தப் பூரானிடம்தான் அதைவிட நன்றாக எஞ்சியிருக்கிறது. ஈயை மட்டும் பார்த்தால், எது பழைய சொத்து, எது ஈயின் தனிப்போக்கு என்று பிரித்தறிய வழியில்லை. பயனை முன்கூட்டியே காட்டினால்தான் நிதி என்று அடம்பிடித்தால், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பிராணியே நமக்குக் கிடைக்காது.