பேஸ்புக் போட்ட பூட்டும் சில நாள் கோபமும்

 

2021 பிப்ரவரி 18. ஆஸ்திரேலிய மக்கள் காலையில் எழுந்து செல்போனைத் திறக்கிறார்கள். பேஸ்புக்கில் செய்தி இல்லை! பத்திரிகைகளின் பக்கங்கள், தொலைக்காட்சிகளின் பக்கங்கள் எல்லாம் துடைத்து வைத்த சிலேட்டைப் போல வெறுமையாகக் கிடக்கின்றன. யாரும் எந்தச் செய்தியையும் அங்கே பகிர முடியவில்லை. இரண்டரைக் கோடி மக்கள் வாழும் ஒரு நாட்டின் செய்திகளை ஓர் அமெரிக்கக் கம்பெனி ஒரே இரவில் நிறுத்திவிட்டது.

அத்தோடு நின்றதா? வானிலை ஆய்வு மையத்தின் பக்கம் போனது. குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களின் சுகாதாரத் துறைப் பக்கங்கள் போயின. அடிபட்டு வரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் அமைப்புகள், ஏழைகளுக்கு உணவு தரும் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், பூர்வகுடி மக்களின் பக்கங்கள் என எதுவும் தப்பவில்லை. கொரோனா காலம் அது. இன்னும் நான்கே நாளில் தடுப்பூசிப் பணி தொடங்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் சுகாதாரத் துறையின் வாயை அடைத்தார்கள்.

தவறுதலாக நடந்துவிட்டது என்று கம்பெனி சொன்னது. ஆனால் 2022 மே மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தி வேறு விதமாக இருந்தது. பேரம் படிவதற்காக வேண்டுமென்றே வலையை அகலமாக வீசினார்கள் என்று கம்பெனிக்கு உள்ளே இருந்தவர்களே புகார் கொடுத்திருந்தார்கள். கம்பெனி அதை மறுத்தது. மறுக்கத்தானே செய்யும்!

ஆஸ்திரேலியா செய்த குற்றம் என்ன? ஒரு சட்டம் கொண்டு வந்தது. பத்திரிகைக்காரன் சம்பளம் கொடுத்து நிருபரை அனுப்பிச் செய்தி சேகரிக்கிறான். கூகுளும் பேஸ்புக்கும் அந்தச் செய்தியைச் சுற்றி விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கின்றன. ஆகவே அவர்களோடு உட்கார்ந்து விலை பேசுங்கள்; பேசி முடியவில்லை என்றால் நடுவர் தீர்ப்பார். இதுதான் சட்டத்தின் சாரம். தேடல் சேவையையே நிறுத்திவிடுவோம் என்று ஜனவரியில் மிரட்டிய கூகுள், பிறகு பெரிய பத்திரிகைகளோடு ஒப்பந்தம் போட்டது. பேஸ்புக் பூட்டை எடுத்தது.

நியாயமாகப் பேசுவோம். பேஸ்புக் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. எங்கள் இடத்தில் நாங்கள் செய்தியைத் திருடிப் போடவில்லை, பத்திரிகைகளே வந்து இலவசமாகப் போட்டுவிட்டுப் போகின்றன, அதனால் அவர்களுக்கு வாசகர் கிடைக்கிறார்கள், எங்கள் தளத்தில் மக்கள் பார்ப்பதில் செய்தி 4 சதவீதத்திற்கும் குறைவு என்றது கம்பெனி. வியாபாரிகளுக்கு இந்த வாதம் புரியும். அதில் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஆனால் விலையில் தகராறு என்றால் வியாபாரி வியாபாரியோடு பேச வேண்டும். மண்டிக்காரனோடு சண்டை என்பதற்காக ஊர்க் கிணற்றுக்கு மூடி போடுவானா ஒருவன்?

மக்கள் கொதித்தார்கள். பேஸ்புக்கை அழியுங்கள் என்ற முழக்கம் உலகெங்கும் சுற்றி வந்தது. மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. பிரதமர் ஸ்காட் மாரிசன் கடுமையாகக் கண்டித்து அறிக்கை விட்டார். எங்கே தெரியுமா? பேஸ்புக்கிலேயே! நமது பிரதமர் மோடியோடும் தொலைபேசியில் இதுபற்றிப் பேசினார்.

பிப்ரவரி 23-ல் சமரசம். சட்டத்தில் சில திருத்தங்கள். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம், முன்னறிவிப்பு தராமல் சட்டத்தின் கீழ் கொண்டுவர மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. 25-ல் சட்டம் நிறைவேறியது. 26-ல் பூட்டு திறந்தது. மக்கள் பழையபடி பேஸ்புக்கிற்குத் திரும்பினார்கள். கோபம் தீர்ந்தது.

கிடைத்த பணம் யாருக்குப் போனது என்பதையும் பாருங்கள். முன்வரிசையில் நின்று வாங்கியது ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப். இந்த முர்டாக் பத்திரிகைகளை நமக்கு நன்றாகத் தெரியும். அவருக்குச் சொந்தமான ஐந்து ஆஸ்திரேலியப் பத்திரிகைகளை 2017 முழுவதும் படித்து, சிட்னியின் ஒன்பாத் நெட்வொர்க் என்ற முஸ்லிம் ஊடக அமைப்பு ஒரு கணக்கெடுத்தது. இஸ்லாத்தையும் முஸ்லிம்களையும் வன்முறை, பயங்கரவாதம் போன்ற சொற்களோடு சேர்த்து எழுதிய கட்டுரைகள் ஒரே ஆண்டில் 2,891! அதே நேரத்தில், தமிழ் உட்பட 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்பும் எஸ்.பி.எஸ். என்ற பொது ஒலிபரப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடவே பேஸ்புக் மறுத்துவிட்டது. புலம்பெயர்ந்த சிறுபான்மை மக்கள் தம் மொழியில் கேட்கும் குரலுக்கு விலை இல்லை. நம்மை வசைபாடுகிறவனுக்கு விலை உண்டு. ஆகவே இந்தச் சண்டையில் ஒரு பக்கத்துக்குக் கொடி பிடிக்க நமக்கு அவசியம் இல்லை.

முடியாது என்றவர்களா இவர்கள்?

சகோதரர்களே, ஒரு விஷயத்தைச் சிந்தித்துப் பாருங்கள்.

2017-ல் மியான்மரில் ரோஹிங்கிய முஸ்லிம்கள் வேட்டையாடப்பட்டார்கள். 7 லட்சத்திற்கும் அதிகமானோர் வங்கதேசத்திற்கு ஓடினார்கள். அந்த வெறுப்பைப் பரப்பியதில் பேஸ்புக்கிற்குப் பெரும் பங்கு உண்டு என்று ஐ.நா. உண்மை அறியும் குழு சொன்னது. நாங்கள் போதுமான அளவு தடுக்கவில்லை என்று 2018 நவம்பரில் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

2018 மார்ச்சில் இலங்கை, கண்டி மாவட்டம், திகன. தமிழ் பேசும் நம் சகோதரர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. வெறுப்புப் பதிவுகள் சிங்களத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் அந்நாட்டு அரசே பேஸ்புக்கை முடக்க வேண்டியதாயிற்று. கம்பெனி வருத்தம் தெரிவித்தது எப்போது? 2020 மே மாதத்தில். இரண்டு ஆண்டுகள் கழித்து!

2019 மார்ச் 15. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். ஜும்ஆவுக்கு வந்தவர்களை ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு வெறியன் சுட்டுத் தள்ளினான். 51 பேர் ஷஹீதானார்கள். 17 நிமிடம் அந்தக் கொலைக் காட்சி பேஸ்புக்கில் நேரலையாக ஓடியது. நியூசிலாந்து போலீஸ் சொன்ன பிறகுதான் நீக்கினார்கள்.

ஒவ்வொரு முறையும் இவர்கள் சொன்ன சமாதானம் என்ன? எங்கள் தளம் மிகப் பெரியது, கோடிக்கணக்கான பதிவுகள் வருகின்றன, எல்லாவற்றையும் கண்காணிப்பது கடினம், மொழி தெரிந்த ஆள் போதவில்லை. நாமும் நம்பினோம். ஆனால் 2021 பிப்ரவரியில் ஒரு முழு நாட்டின் செய்திகளையும், பெரியது சிறியது பாராமல், விடிவதற்குள் துடைக்க முடிந்ததே! அது எப்படி முடிந்தது? உயிர் போனபோது வராத திறமை, காசு போகும் என்றதும் வந்துவிட்டது.

கனடாவில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் அரசு இறங்கி வந்ததைப் பார்த்த கம்பெனி கனடாவிலும் அதையே செய்தது. 2023 ஜூன் 22-ல் அங்கே இணையச் செய்திச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்ட் 1 முதல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் செய்தியை நிறுத்தத் தொடங்கினார்கள்.

அந்த மாதமே காடு பற்றி எரிந்தது. வடமேற்குப் பிரதேசத்தின் தலைநகரான எல்லோநைஃப் ஊரைக் காலி செய்யும்படி ஆகஸ்ட் 16-ல் உத்தரவு வந்தது. சுமார் 20,000 பேர் வெளியேற வேண்டும். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தீ வருகிறது என்ற செய்தியைப் பேஸ்புக்கில் பகிர முடியவில்லை. செய்தியைப் படம் பிடித்துப் போட்டார்கள். மக்களின் பாதுகாப்பைவிட லாபத்தைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ சாடினார். கம்பெனி அசையவில்லை.

மத்திய அரசு ஜூலையிலேயே விளம்பரத்தை நிறுத்தியிருந்தது. கியூபெக் மாநில அரசும் மாண்ட்ரியால் மாநகராட்சியும் நிறுத்தின. பலே என்று சொல்லத் தோன்றும். ஆனால் ட்ரூடோவின் லிபரல் கட்சி மட்டும் பேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தது! அரசுக்கு ஒரு கொள்கை, கட்சிக்கு ஒரு கொள்கை. மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் பேசுகிறவர்கள் நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மக்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. அதே ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் ஒரு கணக்கை வெளியிட்டது. கனடாவில் பேஸ்புக் பயன்பாடு குறையவே இல்லை! ஓராண்டு கழித்து 2024-ல் கனடிய ஆய்வாளர்கள் பார்த்தபோது இன்னும் வேதனை. தடை செய்யப்பட்ட இரு தளங்களிலும் செய்தி நிறுவனங்கள் பெற்றிருந்த வாசகர் ஈடுபாட்டில் 85 சதவீதம் போய்விட்டது. உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சமூக ஊடகங்களில் செயல்படுவதையே நிறுத்திவிட்டன. ஆனால் இப்படி ஒரு தடை இருப்பதே மக்களில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தெரியவில்லை. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலே இந்தத் தடைக்குள் நடந்து முடிந்தது.

திட்டினார்கள், ஆனால் ஒருவரும் வெளியேறவில்லை. கம்பெனி நம் கோபத்தை எண்ணுவதில்லை, வருகையை எண்ணுகிறது.

இந்தத் தடை காலத்தில்தான் 2023 அக்டோபரில் காஸா மீது குண்டு மழை தொடங்கியது. கனடாவில் இருந்த முஸ்லிம் இளைஞன் இன்ஸ்டாகிராமில் அல் ஜஸீராவைத் தேடினால் கதவு மூடியிருந்தது. செய்தி நிறுவனம் அல்லாத சாதாரண மக்களாவது பேச முடிந்ததா? அந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீக்கப்பட்ட, முடக்கப்பட்ட 1,050 பதிவுகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்தது. அவற்றில் 1,049 பாலஸ்தீனத்துக்கு ஆதரவான அமைதியான பதிவுகள். மிச்சம் ஒன்றே ஒன்று!

நம் நாட்டிற்கு வருவோம். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நேரம். இன்ஸ்டாகிராமில் 'முஸ்லிம்' என்ற பெயரில் 67 லட்சம் பேர் பின்தொடர்ந்த ஒரு செய்திப் பக்கம் இருந்தது. இந்திய அரசு கேட்டது, கம்பெனி இந்தியாவில் அதை மூடியது. ஆஸ்திரேலியாவில் சட்டம் போட்ட அரசை எதிர்த்து ஒரு தேசத்தையே இருட்டாக்கிய அதே கம்பெனி! அங்கே அரசோடு மல்லுக்கட்டு, இங்கே அரசுக்கு சலாம். அந்தப் பக்கத்தில் வந்ததெல்லாம் சரி என்று வாதாட நாம் வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்காக உலகம் போட்ட கூச்சலில் பத்தில் ஒரு பங்காவது இதற்கு எழுந்ததா? நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி நம் கதை. மஹல்லாவில் ஜனாஸா அறிவிப்பு வாட்ஸ்அப்பில். பிறை அறிவிப்பு வாட்ஸ்அப்பில். ஜமாஅத் கூட்டம், ரத்தம் தேவை, பெண்கள் மதரஸா சேர்க்கை, கல்வி உதவி எல்லாம் அங்கேதான். வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே முதலாளியின் மூன்று கடைகள் என்பதை மறந்துவிடாதீர்கள். இந்த இதழ் வெளிவந்ததை நாமும் வாட்ஸ்அப்பில்தான் தெரிவிக்கிறோம். குற்றவாளிக் கூண்டில் நாமும் நிற்கிறோம்.

பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. அடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம், தப்பில்லை. சொந்த வீட்டை விற்றுவிட்டுத் திண்ணைக்குக் குடிபோவதுதான் தப்பு. எல்லோநைஃபைக் காட்டுத் தீ நெருங்கியபோது கேபின் ரேடியோ என்ற சிறிய உள்ளூர்ச் செய்தி நிறுவனத்தின் தளத்தை மக்கள் நேராகத் தேடிப் போனார்கள். அதற்கென்று ஒரு வாசல் இருந்தது. மக்களுக்கு அந்த வாசல் தெரிந்திருந்தது.

வியாபாரிச் சகோதரர்களே! ரம்ஜான் விற்பனைக்கு பேஸ்புக்கில் விளம்பரத்தைப் பரப்ப ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்கள். கணக்குக் கேட்பதில்லை. சமுதாயப் பத்திரிகையின் ஆள் சந்தாப் புத்தகத்தோடு கடை வாசலில் வந்து நின்றால் மட்டும், 'பாய், சீசன் டல்லா இருக்கு, அடுத்த மாதம் பார்ப்போம்' என்கிறீர்கள். அடுத்த மாதம் வருவதே இல்லை! உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் ஒரு நோட்டில் இருக்கிறதா? நாளைக்கே உங்கள் கணக்கை முடக்கினால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?

இளைஞனே! கேட்ட செய்தியைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிட்ட மார்க்கம் உன்னுடையது. விசாரிக்க வேண்டுமானால் செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிய வேண்டும். அனுப்பியவனுக்கும் அனுப்பியவன் யார் என்று தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு நீ எதை விசாரிப்பாய்? செய்தி நிறுவனத்தின் முகவரியை நேராகத் தட்டிப் படி. இரண்டு பத்திரிகையாவது காசு கொடுத்து வாங்கு.

முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் உள்ள குடும்பங்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதிய பதிவேடு ஒன்று முன்பெல்லாம் ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். திருமணமாகி வந்தவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள், வெளிநாடு போனவர்கள் பெயரெல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிவாசல் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் கடைசியாக ஒட்டிய தாளின் தேதியையும் பாருங்கள். பழையதாக இருந்தால் இந்த வெள்ளிக்கிழமையே கிழித்துப் புதியதை ஒட்டுங்கள். பதிவேட்டை எழுத கையெழுத்து நன்றாக உள்ள இரண்டு பையன்கள் போதும், இன்ஷா அல்லாஹ் பதினைந்து நாளில் முடித்துவிடலாம்.