வாசலைத் தாண்டும் தண்ணீர்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் மீண்டும் வெள்ளம்.

தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனாலும் நாம் முற்றத்தைச் சிமெண்டால் மூடி, மாடித் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுகிறோம். அது தாழ்வான பகுதியில் வாழும் ஏழைகளின் வீட்டுக்குள் புகுகிறது.

சுவரிலிருந்து பத்தடி தள்ளி அரையடிப் பள்ளம் வெட்டி, மணலும் மக்கிய உரமும் கலந்து, கல்வாழை, வெட்டிவேர் நட்டால் அதுவே மழைத்தோட்டம். மாடிநீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும், கொசு பெருகாது. பெருவெள்ளத்தை அது தடுக்காது; அதில் நம் வீட்டின் பங்கைக் குறைக்கும்.

பிறரன்பு காணிக்கைத் தட்டோடு முடிவதில்லை. நம் வாசலைத் தாண்டும் தண்ணீருக்கும் நாமே பொறுப்பு. அடுத்த பருவமழைக்கு முன் ஒரு பள்ளம் வெட்டுவோமா?